கூடப் படிக்கிற பிள்ளையே டீச்சர்: மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கு பியர் டியூட்டரிங் உதவும்னு சொல்ற ஆராய்ச்சியை எப்படி எடை போடறது, முழுமையான வழிகாட்டி

ஒரு ட்ரெய்னிங்ல "பியர் டியூட்டரிங், ரிசர்ச்ல நிரூபிச்சது"ன்னு ஒரே ஒரு ஸ்லைடு போட்டுக் காமிச்சாங்க. அடுத்த திங்கட்கிழமையே நான் போற ஒரு ஸ்கூல்ல, நாலாங்கிளாஸ்ல வாசிக்கத் தடுமாறுற ஒரு பையனைக் கூட்டிட்டுப் போயி முதல் ரேங்க் எடுக்கிற பொண்ணு பக்கத்துல உக்கார வச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன செய்யும், பாவம், அதுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரல, தன் நோட்டை அவன் பக்கமாத் திருப்பி வச்சுது, அவன் பார்த்து எழுதினான். ரெண்டு வாரம் கழிச்சு நோட்டு அழகா இருந்துது. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னா, முன்னாடி எந்த வரியில நின்னானோ அதே வரியில நின்னான்.

ஸ்லைடுல சொன்னது பொய் இல்ல, ஆராய்ச்சி நிஜமாவே இருக்கு, அதுவும் 40 வருஷத்துக்கு மேல நடந்த ஆராய்ச்சி. ஆனா அந்த ஆராய்ச்சியில பண்ணது ஒண்ணு, அந்த கிளாஸ்ல நடந்தது வேற ஒண்ணு. என்னை மாதிரி மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்குத் தனியா சொல்லிக்கொடுக்கிற ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கிறவங்க, கிளாஸ் டீச்சர், தன் பிள்ளைக்கு ஸ்கூல்ல என்ன பண்றாங்கனு கேக்க நினைக்கிற அம்மா அப்பா, யாரா இருந்தாலும் ஒரு பேப்பரை, அதாவது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில எடுத்து "இது என் பிள்ளைக்குப் பொருந்துமா"ன்னு பார்க்கத் தெரியணும்ங்கிறதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சிருக்கணும்னு இல்ல, பொறுமையா ஒரு ராத்திரி உக்காந்தா போதும்.

படி 1: எந்த பியர் டியூட்டரிங்? முதல்ல பேரைப் பிடிங்க

பியர் டியூட்டரிங்னு பொதுவா சொன்னா அது ஒரு குடும்பப் பேரு மாதிரி, உள்ள நிறைய ஆளுங்க இருக்காங்க. பேப்பர்ல எந்த ஆளுன்னு தெரியாம மேல படிக்கவே கூடாது.

ரொம்பப் பழசு, நல்லா ஆராய்ச்சி நடந்தது, கிளாஸ்வைடு பியர் டியூட்டரிங். 1980கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல கான்சஸ் சிட்டியில ஜூனிபர் கார்டன்ஸ்னு ஒரு ஏழைங்க அதிகமா இருந்த பகுதியில, சார்லஸ் கிரீன்வுட், ஜோசஃப் டெல்குவாட்ரி, வான்ஸ் ஹால் இவங்க உருவாக்கினது. முழு கிளாஸும் ஜோடி ஜோடியா உக்காரும். 10 நிமிஷம் ஒருத்தர் சொல்லிக்கொடுப்பாங்க, அடுத்த 10 நிமிஷம் மாத்திக்குவாங்க. சரியா சொன்னா 2 பாயிண்ட், தப்பா சொன்னா டியூட்டர் சரியான விடையைச் சொல்லி, அதை 3 தடவை எழுத வச்சு, அப்புறம் 1 பாயிண்ட். கிளாஸே ரெண்டு டீமாப் பிரிஞ்சிருக்கும், பாயிண்ட் எல்லாம் டீம் கணக்குல சேரும், வாரக் கடைசில டெஸ்ட். டீச்சர் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, சுத்திச் சுத்தி வந்து நல்லா சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு போனஸ் பாயிண்ட் குடுப்பாங்க.

ரெண்டாவது, பால்ஸ்னு கூப்பிடற பியர் அசிஸ்டட் லேர்னிங் ஸ்ட்ராட்டஜீஸ். நாஷ்வில்ல இருக்கிற வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில டக் ஃபக்ஸ், லின் ஃபக்ஸ் தம்பதி உருவாக்கினது. வாரம் 3 நாள், ஒரு நாளைக்கு 35 நிமிஷம். கிளாஸ்ல எல்லாரையும் வாசிப்புத் திறன்படி வரிசையா எழுதி, அந்த லிஸ்டை நடுவுல வெட்டி, மேல் பாதியில முதல் ஆளையும் கீழ் பாதியில முதல் ஆளையும் ஜோடி போடுவாங்க, அதனால முதல் ரேங்க்கும் கடைசி ரேங்க்கும் ஒண்ணா உக்காரவே மாட்டாங்க. இந்த ஒரு விஷயத்தை நல்லா கவனிங்க, நம்ம ஊர்ல முதல்ல பண்ற தப்பே இதுதான். நல்லா வாசிக்கிற பிள்ளை முதல்ல வாசிக்கும், தடுமாறுற பிள்ளை அதே பத்தியைத் திரும்ப வாசிக்கும். அப்புறம் ஒரு பத்தியோட சாரத்தை 10 வார்த்தைக்குள்ள சொல்லணும், அப்புறம் அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு, வாசிச்சுப் பார்த்து, ஊகம் சரியான்னு சொல்லணும்.

இது ரெண்டும் இல்லாம பெரிய கிளாஸ் பிள்ளை சின்ன கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற வகை இருக்கு. கடுமையான மாற்றுத்திறன் இருக்கிற பிள்ளைகூட ஒண்ணு ரெண்டு சக மாணவங்க உக்காந்து உதவற பியர் சப்போர்ட் இருக்கு, இது படிப்பை விட பழக்கத்துக்காக.

இதுல நம்ம ஊருக்கே ஒரு சம்பந்தம் உண்டு. 1789ல சென்னை எழும்பூர்ல ராணுவக்காரங்க பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தோட பொறுப்பை ஏத்துக்கிட்ட ஆண்ட்ரூ பெல், இங்க உள்ளூர் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பார்த்து, அதை எடுத்துக்கிட்டு, பெரிய பசங்களை வச்சே சின்னவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையை அமைச்சு, 1797ல லண்டன்ல புத்தகமாப் போட்டாரு. அங்க அதுக்குப் பேரே மெட்ராஸ் சிஸ்டம். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைச்சுப் பாருங்க, புரிஞ்சிடும். ஆனா அந்த முறை இங்கிலாந்துல பரவுனதுக்குப் பெரிய காரணம் செலவு குறைவு, ஒரே வாத்தியாரை வச்சு நூத்துக்கணக்குல பிள்ளைகளை மேய்க்கலாம். டீச்சர் இல்லாத குறையைப் பிள்ளைங்களை வச்சு அடைக்கிறதுக்கு கிளாஸ்வைடு டியூட்டரிங் ஆராய்ச்சியைச் சாட்சியாக் காட்ட முடியாது, அந்த ஆராய்ச்சியில டீச்சர் எப்பவும் கிளாஸ்லயே இருந்தாங்க.

படி 2: உங்க கேள்வியை ஒரே வரியில எழுதுங்க

"பியர் டியூட்டரிங் வேலை செய்யுமா"ன்னு கேட்டா ஆமாங்கிற பதில்தான் வரும், அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கேள்வியில நாலு விஷயம் இருக்கணும்: எந்தப் பிள்ளை, எந்தத் திறமை, அந்தப் பிள்ளைக்கு என்ன வேஷம் (சொல்லிக்கொடுக்கிறதா, கேட்டுக்கிறதா, ரெண்டுமா), எதைவிட நல்லா இருக்கணும். உதாரணமா, "டிஸ்லெக்சியா (வாசிக்கிறதுல இருக்கிற கற்றல் குறைபாடு) இருக்கிற நாலாங்கிளாஸ் பிள்ளை, சத்தமா வாசிக்கிற வேகம், ரெண்டு வேஷமும் மாறி மாறி, இப்ப வழக்கமா நடக்கிற ரீடிங் பீரியடை விட."

வேஷம் ஏன் முக்கியம்னா, நான் போற இன்னொரு ஸ்கூல்ல செவித்திறன் குறைவான ஒரு பொண்ணு, மூணு வருஷமா யாராவது ஒருத்தர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துட்டே இருக்காங்க. ஒரு நாள் என் கையைப் பிடிச்சு இழுத்து, "நான் எப்ப மிஸ் சொல்லிக்கொடுப்பேன்?"னு கேட்டா. எனக்கு அன்னிக்கு முழுக்க மனசே சரியில்ல. மாற்றுத்திறன் மாணவர்களே டியூட்டரா இருந்த ஆராய்ச்சிகளை மட்டும் தொகுத்து 1980கள்லயே கட்டுரை வந்திருக்கு, சொல்லிக்கொடுக்கிற பிள்ளையும் படிப்புல முன்னேறுதுன்னு அதுல பார்த்திருக்காங்க. அதனால ஒரு பேப்பர்ல மாற்றுத்திறன் பிள்ளை எப்பவும் வாங்கற இடத்துலயே இருந்தா அதைப் பேனாவுல வட்டம் போட்டு வைங்க.

படி 3: எங்க தேடறது

காசு குடுக்க வேண்டாம். ஈரிக்னு (ERIC) ஒரு அமெரிக்க அரசுத் தளம் இருக்கு, கல்வி ஆராய்ச்சிச் சுருக்கம் எல்லாம் இலவசம், நிறைய முழு பேப்பரும் கிடைக்கும். 2002ல அமெரிக்கக் கல்வித் துறை ஆரம்பிச்ச வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்ல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனித்தனியா, எந்த ஆராய்ச்சி தரத்துல நிக்குது, எது நிக்கலன்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. இங்கிலாந்துல எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பும் இதே மாதிரி தொகுத்துப் போடுது. தேடும்போது இங்கிலீஷ்ல பியர் டியூட்டரிங்னு மட்டும் அடிச்சா பாதிதான் வரும், பியர் மீடியேட்டட், பியர் அசிஸ்டட், பேர்டு ரீடிங் எல்லாம் சேர்த்து அடிங்க.

ஒரு தனி ஆராய்ச்சியில ஆரம்பிக்காம, பல ஆராய்ச்சியைச் சேர்த்துப் பார்த்த ரிவ்யூவுல ஆரம்பிங்க, அதுக்கப்புறம் அதுக்குள்ள இருக்கிற நல்ல ரெண்டு மூணு பேப்பரைத் தேடி எடுத்து முழுசா வாசிங்க. ரிவ்யூவை மட்டும் வாசிச்சுட்டு நிறுத்தினா ஊருக்குப் போகாம ஊர் மேப்பைப் பார்த்த கதைதான்.

படி 4: எப்படிப் பண்ணாங்க?

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். இந்தத் துறையில ரெண்டு விதமான ஆராய்ச்சி வரும்.

முதல் வகை, ரெண்டு குரூப் வச்சுப் பார்க்கிறது. 1997ல ஃபக்ஸ் டீம் போட்ட பேப்பரை எடுத்துக்கலாம். 12 ஸ்கூல், 40 கிளாஸ், ரெண்டாவதுல இருந்து ஆறாவது வரைக்கும், 15 வாரம். 20 கிளாஸ்ல பால்ஸ், 20 கிளாஸ்ல வழக்கமான பாடம். ஒவ்வொரு கிளாஸ்லயும் 3 பிள்ளைங்களை மட்டும் அளந்தாங்க: கற்றல் குறைபாடு இருக்கிற ஒரு பிள்ளை, குறைபாடு இல்லாம பின்தங்கின ஒரு பிள்ளை, சராசரியா படிக்கிற ஒரு பிள்ளை. 40 பெருக்கல் 3, மொத்தம் 120. இதோட அழகு என்னன்னா, கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளைங்களோட முன்னேற்றத்தைத் தனியாக் காமிக்க முடியுது, கிளாஸ் சராசரிக்குள்ள அவங்க காணாமப் போகல.

இந்த வகை பேப்பர்ல நான் பார்க்கிறது: யாருக்கு எந்த குரூப்னு சீட்டுக் குலுக்கின மாதிரி பிரிச்சாங்களா, இல்ல ஆர்வமா முன்வந்த டீச்சரோட கிளாஸை மட்டும் ப்ரோக்ராம்ல போட்டாங்களா? (ஆர்வமான டீச்சர்கிட்ட எது கொடுத்தாலும் பிள்ளைங்க முன்னேறும்.) ஆரம்பத்துல ரெண்டு குரூப்பும் ஒரே மட்டத்துல இருந்தாங்களா? நடுவுல எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க, எந்தப் பக்கம் அதிகமாப் போனாங்க? அப்புறம் ஒண்ணு, பிரிச்சது கிளாஸை, ஆனா கணக்குப் போடும்போது பிள்ளைங்களைத் தனித்தனியா எண்ணிட்டாங்களா? ஒரே கிளாஸ்ல இருக்கிற 30 பேரும் ஒரே டீச்சர்கிட்ட படிக்கிறவங்க, அவங்க 30 தனிச் சாட்சி கிடையாது, அப்படி எண்ணினா ரிசல்ட் இருக்கிறதை விட உறுதியாத் தெரியும்.

ரெண்டாவது வகை, சிங்கிள் கேஸ் டிசைன். நாலஞ்சு பிள்ளைங்கதான் இருப்பாங்க, நிறைய பேரு "அஞ்சு பேரை வச்சு என்ன ஆராய்ச்சி"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்படிப் போடாதீங்க. மாற்றுத்திறன் பிள்ளைங்க விஷயத்துல பெரிய கூட்டம் கிடைக்கிறது கஷ்டம், அதனால ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப அளந்து, அந்தப் பிள்ளையையே அதோட பழைய நிலைமையோட ஒப்பிடறாங்க. 1994ல கேம்ப்ஸும் கூட இருந்தவங்களும் ஆட்டிசம் இருக்கிற 3 பிள்ளைங்களை வச்சு கிளாஸ்வைடு டியூட்டரிங் பண்ணிப் பார்த்தாங்க, வாசிப்பு கூடினதோட, அதுக்கப்புறம் வந்த விளையாட்டு நேரத்துல மத்த பிள்ளைங்களோட பழகறதும் கூடுச்சு. மூணே மூணு பிள்ளைதான், ஆனா கிராஃபைப் பார்த்தா நம்பலாமா வேண்டாமான்னு நாமளே முடிவு பண்ணலாம்.

கிராஃபை எப்படிப் பார்க்கணும்னா, முதல்ல டியூட்டரிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த அளவு, அதுக்கு பேஸ்லைன்னு பேரு. அதுலயே கோடு மேல ஏறிக்கிட்டே இருந்தா, டியூட்டரிங் இல்லாமலே பிள்ளை முன்னேறிட்டுதான் இருந்திருக்கு. கோடு படுத்துக் கிடந்து, டியூட்டரிங் ஆரம்பிச்ச உடனே எழுந்து, நிறுத்தினதும் விழுந்து, திரும்ப ஆரம்பிச்சதும் எழுந்தா, அது வலுவான சாட்சி. ஆனா ஒரு தடவை வாசிக்கக் கத்துக்கிட்டதை யாரும் மறக்க வைக்க முடியாது, அதனால பல பிள்ளைங்களுக்கு வேற வேற வாரத்துல ஆரம்பிப்பாங்க. ஒருத்தனுக்கு 2வது வாரம், இன்னொருத்தனுக்கு 4வது வாரம், மூணாவது பிள்ளைக்கு 6வது வாரம். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க ஆரம்பிச்ச வாரத்துலதான் கோடு எழும்புதுன்னா, வெளிக் காரணம் எதுவும் இல்லன்னு நம்பலாம். குறைஞ்சது 3 தடவை இந்த மாற்றம் தெரியணும்.

எத்தனை ஆராய்ச்சி இருந்தா போதும்? அமெரிக்காவுல ஸ்பெஷல் எஜுகேஷன்காரங்களோட சங்கம், கவுன்சில் ஃபார் எக்ஸெப்ஷனல் சில்ட்ரன், 2014ல ஒரு அளவுகோல் போட்டுச்சு. தரமான சிங்கிள் கேஸ் ஆராய்ச்சின்னா 5, அதுல மொத்தம் 20 பிள்ளைங்க. சீட்டுக் குலுக்கிப் பிரிச்ச குரூப் ஆராய்ச்சின்னா 2, அதுல மொத்தம் 60 பேர். குலுக்காம பிரிச்சதுன்னா 4, 120 பேர். நான் என் டைரியோட முதல் பக்கத்துல இதை எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.

படி 5: எதைவிட நல்லா இருந்துது?

இதை விட்டுட்டா எல்லாமே தப்பாப் போயிடும். 1994ல மேத்ஸும் ஃபக்ஸும் லேசான குறைபாடு இருக்கிற பிள்ளைங்களோட வாசிப்புக்கு பியர் டியூட்டரிங் எவ்ளோ உதவுதுன்னு தொகுத்துப் பார்த்தாங்க. வழக்கமா கிளாஸ்ல கிடைக்கிற வாசிப்புப் பாடத்தை விட ஜோடி முறை நல்லா இருந்துது. ஆனா டீச்சரே அதே மாதிரி பயிற்சியை நேரடியா நடத்தினதோட ஒப்பிட்டா, ஜோடி முறை அதைவிட மேலன்னு சொல்ல முடியல. இதோட அர்த்தம் ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு ரொம்ப முக்கியம்: என்னோட தனி நேரத்தை எடுத்துட்டு அந்த இடத்துல ஜோடி வேலையை வைக்கச் சொன்னா இந்த ஆராய்ச்சி அதுக்குத் துணை வராது, வழக்கமான கிளாஸ் நேரத்துக்குள்ள கூடுதல் பயிற்சியா வைக்கச் சொன்னா தாராளமா வரும்.

படி 6: எதை அளந்தாங்க?

1998ல டூபால் டீம், ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை) இருக்கிற 18 பிள்ளைங்க, அது இல்லாத 10 பிள்ளைங்க, ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும், கிளாஸ்வைடு டியூட்டரிங் பண்ணிப் பார்த்தாங்க. பெரும்பாலான பிள்ளைங்க பாடத்துல கவனமா இருந்த நேரம் கூடுச்சு, அங்க இங்க அலையறது குறைஞ்சுது. கிளாஸுக்கு வெளிய நின்னு பார்த்தா அற்புதம்னு சொல்லிடுவோம். ஆனா வாரா வாரம் வச்ச கணக்கு, ஸ்பெல்லிங் டெஸ்ட்ல முன்னேற்றம் தெரிஞ்சது ஏடிஹெச்டி இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத்தான், 50 சதவீதம். அமைதியா உக்காந்து வேலை செய்யறதும் கத்துக்கிறதும் ஒண்ணு இல்ல. இந்த ஒரு பேப்பரை வாசிச்சதுக்கப்புறம்தான், "பசங்க எவ்ளோ ஆர்வமா இருக்காங்க பாருங்க"ன்னு யாராவது சொன்னா, சந்தோஷப்பட்டுட்டு அடுத்ததா டெஸ்ட் நோட்டைக் கேக்க ஆரம்பிச்சேன்.

அதே மாதிரி, டெஸ்ட் யாரோடதுன்னு பாருங்க. சொல்லிக்கொடுத்த அதே 20 வார்த்தையை டெஸ்ட்ல கேட்டா மார்க் எகிறும். பொதுவான, வெளியாட்கள் உருவாக்கின டெஸ்ட்ல வர்ற முன்னேற்றம் பெரும்பாலும் சின்னதா இருக்கும், ஆனா அதைத்தான் அதிகம் நம்பலாம். 1997 ஃபக்ஸ் பேப்பர்ல டெஸ்ட் அந்த டீமே உருவாக்கினது, ஆனா கதை பிள்ளைங்க அதுக்கு முன்னாடி வாசிக்காத கதை, அதனால அதை நடுத்தரமா மதிக்கிறேன்.

படி 7: நம்பரைப் பார்த்து மிரளாதீங்க

எஃபெக்ட் சைஸ்னு ஒரு நம்பர் வரும். ரெண்டு குரூப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை, பிள்ளைங்க மார்க் பொதுவா எவ்ளோ சிதறிக் கிடக்குங்கிறதால வகுத்தா வர்றது, அவ்ளோதான். 1982ல கோஹன், குலிக், குலிக் 65 ஆராய்ச்சியைத் தொகுத்தாங்க, கேட்டுக்கிட்ட பிள்ளைக்கு 0.40, சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு 0.33. இதுல 0.40ன்னா, 100 பேர் வரிசையில நடுவுல, 50வது இடத்துல நிக்கிற பிள்ளை ஏறக்குறைய 34வது இடத்துக்கு வர்ற மாதிரி. பெருசு இல்லாம இருக்கலாம், ஆனா ஒரு பிள்ளைக்கு அது நிஜமான நகர்வு.

2003ல ரோர்பெக் டீம் தொடக்கப் பள்ளி ஆராய்ச்சிகளைத் தொகுத்தப்போ சும்மா சராசரி எடுத்தா 0.59 வந்துது, பெரிய ஆராய்ச்சிக்கு அதிக எடை குடுத்துக் கணக்குப் போட்டா 0.33. அதே ஆராய்ச்சிகள்தான், ரெண்டு நம்பர். ட்ரெய்னிங்ல எதைச் சொல்லுவாங்கனு உங்களுக்கே தெரியும், அதனால எந்த சராசரின்னு கேளுங்க. இன்னொரு இடத்துலயும் ஏமாறலாம்: 2013ல பௌமன் பெரட் டீம் 26 சிங்கிள் கேஸ் ஆராய்ச்சி, 938 மாணவர்களைத் தொகுத்தாங்க, குறைபாடு இருந்தாலும் இல்லாட்டியும் பலன் இருக்குன்னும், குறைபாடு இருக்கிறவங்கள்ல உணர்ச்சி, நடத்தைப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு அதிகப் பலன்னும் வந்துது. அதுல போட்டிருக்கிற அளவு டவ் யுன்னு வேற ஒண்ணு. அதை மேல சொன்ன 0.40 கூடப் பக்கத்துல வச்சுப் பார்க்கக் கூடாது, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடற மாதிரி ஆயிடும்.

படி 8: யாருக்கு உதவல?

எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி, இதை யாருமே ஸ்லைடுல போட மாட்டாங்க. 2006ல மெக்மாஸ்டரும் ஃபக்ஸ் தம்பதியும், அதாவது பால்ஸை உருவாக்கினவங்களே, தங்களோட ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்து எழுதினாங்க: குறைபாடு இல்லாம பின்தங்கின பிள்ளைங்கள்ல சுமார் 20 சதவீதம் பேருக்கும், குறைபாடு இருக்கிற பிள்ளைங்கள்ல 50 சதவீதத்துக்கு மேலயும் பால்ஸால போதுமான முன்னேற்றம் வரல. சொந்தப் பிள்ளையைப் பத்தி இப்படி வெளிப்படையாச் சொல்றதுக்கு நேர்மை வேணும், அதனாலயே அவங்க மத்த பேப்பரையும் நான் அதிகம் நம்பறேன்.

யோசிச்சுப் பாருங்க. சராசரியா பலன் இருக்கிற, நல்லா ஆராய்ச்சி பண்ண ஒரு முறை, அதே முறையில நம்ம பிள்ளைங்கள்ல ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் போதல. அப்போ "ரிசர்ச் இருக்கு, ஜோடி போட்டாச்சு, முடிஞ்சுது"ன்னு விட்டா அந்த ரெண்டாவது பிள்ளை ஒரு வருஷத்தை இழந்துடும். ஒவ்வொரு பேப்பர்லயும் சராசரிக்குக் கீழ போயி, ஒவ்வொரு பிள்ளையோட கோட்டையும் தேடுங்க. தனித்தனி ரிசல்ட் குடுக்காத பேப்பரா இருந்தா அதுக்கு மார்க் குறைங்க.

படி 9: யார் பண்ணாங்க, எவ்ளோ உதவியோட?

உருவாக்கினவங்களே பண்ண ஆராய்ச்சியில ஆராய்ச்சி மாணவங்க வாரா வாரம் கிளாஸுக்கு வந்து, டீச்சருக்கு உதவி பண்ணி, செக்லிஸ்ட் வச்சு சரியா நடக்குதான்னு பார்ப்பாங்க. நம்ம ஸ்கூலுக்கு அப்படி யாரும் வரப் போறதில்ல. அதனால பெரிய அளவுல பண்ணப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. ஸ்காட்லாந்துல ஃபைஃப் பகுதியில 129 ஸ்கூல்ல பண்ணப்போ, பெரிய கிளாஸ் சின்ன கிளாஸுக்குச் சொல்லிக்கொடுத்த வகையில நல்ல பலன் வந்துது. அதே வழியில வந்த டர்ஹம் ஷேர்டு மேத்ஸை இங்கிலாந்துல 82 ஸ்கூல்ல பண்ணி, தனி ஆளுங்க மதிப்பீடு செஞ்சு 2015ல வெளியிட்டப்போ கணக்குல எந்த முன்னேற்றமும் தெரியல. இது பொதுவான மாணவங்களை வச்சுப் பண்ணது, மாற்றுத்திறன் பிள்ளைங்களை மட்டும் இல்ல. ஆனாலும் இதை வாசிக்காம யாரும் ஒரு ப்ரோக்ராமைக் கிளாஸுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

பேப்பர்ல ஃபிடெலிட்டின்னு ஒரு பகுதி இருக்கும், சொன்னபடியே செஞ்சாங்களான்னு. அது இல்லாத பேப்பர்ல ரிசல்ட் நல்லா வந்தாலும் எதனால வந்துதுன்னு சொல்ல முடியாது.

படி 10: மொழி

சீக்கிரமா சொல்லிடறேன். மேல சொன்ன வாசிப்பு ஆராய்ச்சி எல்லாம் இங்கிலீஷ் வாசிப்பு. இங்கிலீஷ்ல எழுத்து ஒண்ணு, சத்தம் ஒண்ணு. தமிழ்ல பிள்ளை தடுமாறுற இடம் வேற: ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, ல ள ழ, ர ற, ண ந ன, ஒரு நீளமான சொல்லை எங்க பிரிச்சு வாசிக்கிறது. அதனால ஜோடி போடற முறை, தப்பைத் திருத்தற முறை, பாயிண்ட் இதெல்லாம் எடுத்துக்கலாம், வார்த்தை லிஸ்ட்டும் பத்தியும் நாமளே நம்ம பிள்ளை தப்பு பண்ற இடத்துல இருந்து செய்யணும்.

படி 11: உங்க கிளாஸ்ல உங்க பிள்ளைக்குச் சோதிச்சுப் பாருங்க

ஆராய்ச்சி எவ்ளோ பலமா இருந்தாலும், பாதிப் பிள்ளைங்களுக்குப் போதலன்னு தெரிஞ்சதுக்கப்புறம் இந்தப் படியை விட முடியாது. ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், போதும்.

ஜோடி போடறதுக்கு முன்னாடி அஞ்சு நாள், பிள்ளை அதுக்கு முன்னாடி வாசிக்காத, அதே கடினத்துல இருக்கிற பத்தியை 1 நிமிஷம் வாசிக்கச் சொல்லி, சரியா வாசிச்ச சொற்களை எண்ணிப் புள்ளி வைங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு 18, 21, 19, 20, 19ன்னு வந்துதுன்னு வைங்க, இந்தக் கோடு படுத்திருக்கு, ஆரம்பிக்கலாம். 14, 16, 19, 22, 24ன்னு வந்தா இன்னும் ஒரு வாரம் பொறுங்க, பிள்ளை தானே ஏறிட்டு இருக்கு.

அப்புறம் ஜோடி. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்கப் பயிற்சி குடுங்க, வேற எதுவும் பண்ணாதீங்க. பால்ஸ்ல இருக்கிற திருத்தற முறையை நான் தமிழ்ல இப்படி வச்சிருக்கேன்: "நில்லு, அந்தச் சொல்லைத் தப்பா வாசிச்ச, திரும்பப் பாரு." மனசுக்குள்ள நாலு எண்ணு. வரலன்னா, "அது 'பள்ளம்', சொல்லு. சரி, இப்ப வரியை முதல்ல இருந்து வாசி." அந்த நாலு எண்ணிக் காத்திருக்கிறதுதான் பிள்ளைங்களுக்கு ரொம்பக் கஷ்டம், உடனே சொல்லிடுவாங்க. விரலை மடிச்சு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், அதுக்கப்புறம்தான் சரியாச்சு. வாரத்துல ஒரு நாள் நீங்க பக்கத்துல நின்னு, நில்லுன்னு சொன்னாங்களா, காத்திருந்தாங்களா, வரியைத் திரும்ப வாசிக்க வச்சாங்களா, பாயிண்ட் போட்டாங்களா, வேஷம் மாத்தினாங்களான்னு டிக் பண்ணுங்க. டிக் பாதிதான் விழுதுன்னா கிராஃபைப் பார்த்து முறையைக் குறை சொல்லாதீங்க, முறை இன்னும் நடக்கவே இல்ல.

வாரம் ரெண்டு தடவை அதே மாதிரி 1 நிமிஷம் அளங்க. 6 வாரம் ஆகியும், டிக் எல்லாம் ஒழுங்கா விழுந்தும், புள்ளிகள் பேஸ்லைன் உயரத்துலயே இருந்தா அந்தப் பிள்ளைக்கு இது போதல. அதை அந்தப் பிள்ளையோட தப்பாவோ ஜோடிப் பிள்ளையோட தப்பாவோ யாரும் பேச விடாதீங்க. பிள்ளைகிட்டயே தனியாக் கேளுங்க, இந்த ஜோடி பிடிச்சிருக்கா, வேற யார்கூடயாவது உக்காரணுமா, எல்லார் முன்னாடியும் வாசிக்கிறது கூச்சமா இருக்கான்னு. முழு கிளாஸும் ஜோடியா உக்காந்தா கூச்சம் குறையும், ரெண்டு பேரை மட்டும் மூலையில உக்கார வச்சா கிளாஸ் முழுக்க அவனைத்தான் பார்க்கும்.

முதல்ல சொன்னேனே, நோட்டைப் பார்த்து எழுதின பையன், அவன் கிளாஸ் டீச்சர்கிட்ட பேசி முழு கிளாஸையும் ஜோடி போட்டோம், லிஸ்ட்டை நடுவுல வெட்டி. அவன் கூட உக்காந்தது நடுவுல இருக்கிற ஒரு பையன், ரெண்டு பேரும் ஒரே தெரு. ஆறு வாரத்துல கோடு கொஞ்சம் எழுந்துது, அப்புறம் படுத்துடுச்சு. நீளமான சொல்லை உடைச்சு வாசிக்கிறதுல மாட்டிக்கிட்டான், அது ஜோடிப் பையனால சொல்லிக்கொடுக்கக் கூடிய விஷயம் இல்ல. இப்போ வாரம் மூணு நாள் 20 நிமிஷம் நான் தனியா உக்காந்து அதை மட்டும் பண்றேன், வெள்ளிக்கிழமை மட்டும் ஜோடி. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் அந்த வாரம் முடிச்ச லிஸ்ட்டை வச்சு அவன்தான் முதல்ல டியூட்டர், விரலை மடிச்சு நாலு வரைக்கும் ஒழுங்காக் காத்திருக்கான்.